அம்மாவுக்குக் கண் புரை மட்டும் இல்லை

டொராண்டோவிலிருந்து மே மாதம் மூன்று வார விடுப்பில் மேலூருக்குப் போயிருந்தேன். போன அன்றே கண்ணில் பட்டது. அடுப்படிக்குள் நுழையும்போது அம்மாவின் தோள் வாசல் நிலையில் இடித்தது. நாற்பது ஆண்டுகளாக நடந்து பழகிய வீடு!

"புரையாக இருக்கும் தம்பி, வயதானால் வருவதுதானே" என்றார். கண்ணாடிக் கடையொன்றில் இரண்டே ஆண்டுகளில் இரண்டு முறை கண்ணாடி மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள். கண் டாக்டரைப் பாருங்கள் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

மறுநாள் காலை மதுரை அண்ணா நகரில் உள்ள அரவிந்த் கண் மருத்துவமனைக்கு அழைத்துப் போனேன். 1976இல் டாக்டர் ஜி. வெங்கடசாமி 11 படுக்கைகளுடன் தொடங்கியது. கண்ணுக்குள் வைக்கும் லென்ஸ் ஏழைகளுக்கும் கட்டுப்படியாக வேண்டும் என்று, 1992இல் ஆரோலேப் என்ற தங்கள் தயாரிப்பு நிறுவனம் மூலம் மதுரையிலேயே தயாரிக்கத் தொடங்கினார்கள். ஊர்க்காரனாக எனக்கு அதில் பெருமை உண்டு.

பார்வை அளவு, கண் அழுத்தம் பார்த்தபின் சொட்டு மருந்து விட்டு உட்கார வைத்தார்கள். பக்கத்தில் இருந்த பெரியவருக்குச் சர்க்கரையால் விழித்திரை பழுதாகியிருந்தது. பார்வை மங்கும்வரை அவருக்கு வலியே இருக்கவில்லையாம்.

அம்மாவைப் பரிசோதித்த டாக்டர் சொன்னார்: "புரை இருக்கிறது. அதை எடுத்து லென்ஸ் வைத்துவிடலாம். ஆனால் கிளாக்கோமா என்கிற கண் அழுத்த நோயும் இருக்கிறது, கண் நரம்பு தேய்ந்திருக்கிறது. அதில் போன பார்வை திரும்ப வராது, இருப்பதைக் காப்பாற்றலாம்."

அடுத்த நாள் பார்வைப் பரப்புச் சோதனை. கிண்ணம் போன்ற கருவிக்குள் அம்மா முகத்தை வைத்துக்கொண்டு, வெளிச்சப் புள்ளி தெரியும்போதெல்லாம் பொத்தானை அழுத்த வேண்டும். வெளியே நின்ற எனக்கு அந்தச் சத்தம் கேட்டது: டக், டக், பிறகு நெடுநேரம் ஒன்றுமில்லை. கையில் வந்த தாளில் ஓரமெல்லாம் கறுப்பு. நிலையில் இடித்த தோளின் கணக்கு அப்போதுதான் புரிந்தது. நடுப்பார்வை தெளிவாக இருந்ததால் அம்மாவுக்கே தெரியவில்லை.

"உங்களுக்கு என்ன வயது?" என்று என்னையும் கேட்டார் டாக்டர். 48. பெற்றோருக்கு இருந்தால் பிள்ளைகளுக்கும் வர வாய்ப்பு அதிகம் என்று எனக்கும் பார்த்தார். இப்போதைக்கு ஒன்றுமில்லை, ஆண்டுக்கு ஒருமுறை வரச் சொன்னார். டொராண்டோவில் இருக்கும் தங்கைக்கு அங்கிருந்தே போன் செய்து நாள் குறிக்கச் சொன்னேன்.

விடுப்புக்கு ஊருக்குப் போகிறவர்கள் பெற்றோரைப் புரைக்காக மட்டும் காட்டிவிட்டு வராதீர்கள். கண் அழுத்தம், நரம்பு, விழித்திரை மூன்றையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

இப்போது மேலூரில் இரவு ஒன்பது, எனக்குக் காலை பதினொன்றரை. வீடியோவில் அம்மா அண்ணாந்து கிளாக்கோமா மருந்தில் ஒரு சொட்டு விட்டுக்கொண்டு, மூக்கோரத்தில் விரலை அழுத்திக் கண்ணை மூடிக்கொள்கிறார். இரண்டு நிமிடம். நான் எண்ணுகிறேன்.