கேரவனில் நோகோ ஜிபி40: டெல்டா வெயிலுக்கும் உப்புக்காற்றுக்கும் தாங்குமா?

வேதாரண்யம் தாண்டி கோடியக்கரை போகும் வழியில், இரவில் பேட்டரி இறங்கிவிட்டால் மெக்கானிக்கைப் பிடிப்பது பெரும்பாடு. மூன்று டன் கேரவனைத் தள்ளி ஸ்டார்ட் செய்யவும் முடியாது. அந்த ஒரு கட்டத்துக்காகவே இறங்கிய பேட்டரி வண்டியை ஸ்டார்ட் செய்ய உதவும் நோகோ பூஸ்ட் ஜிபி40 என்ற கையடக்க லித்தியம் ஜம்ப் ஸ்டார்ட்டரை வண்டியில் வைத்திருக்கலாம். டிராவலர் வேனை வீடாக மாற்றியவர்களுக்கு இது தாராளமாகப் போதும்.

டீசலில் 3 லிட்டர் எஞ்சின் வரை தாங்கும் என்று நிறுவனம் சொல்கிறது. ஃபோர்ஸ் டிராவலரின் 2.6 லிட்டர் எஞ்சின் அதற்குள் அடங்கிவிடும். பழைய பஸ்ஸை மாற்றிக் கட்டிய கேரவன் என்றால் வாங்காதீர்கள். பெரிய பஸ்களில் பெரும்பாலும் இரண்டு பேட்டரியைத் தொடராக இணைத்து 24 வோல்ட் எடுத்திருப்பார்கள். ஜிபி40 வெறும் 12 வோல்ட் கருவி.

பெட்டியில் போட்டிருக்கும் 1,000 ஆம்பியர் உச்ச அளவுதான். உள்ளே இருப்பது 24 வாட்-மணி, அதாவது 12 வோல்ட் கணக்கில் 2 ஆம்பியர்-மணி. செல்ஃப் மோட்டாரைச் சில நொடி சுற்றிவிட அது போதும். இறங்கிய பேட்டரியை ஏற்ற முடியாது. ஏற்றுவது எஞ்சின் ஓடும்போது மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டரின் வேலை, அதனால் ஸ்டார்ட் ஆனதும் எஞ்சினை அணைக்காமல் ஓட்டிக்கொண்டே போங்கள்.

ஃபேன், விளக்கு, ஃபிரிட்ஜ் எல்லாவற்றையும் முதலில் அணைக்கவும். இவற்றுக்கு மின்சாரம் தரும் வீட்டு பேட்டரியையும் எஞ்சின் பேட்டரியையும் இணைக்கும் சுவிட்ச் இருந்தால் அதைப் பிரித்துவிடவும். இல்லாவிட்டால் காலியான வீட்டு பேட்டரி மின்சாரத்தைத் தன் பக்கம் இழுக்கும். சிவப்பு கிளிப்பை எஞ்சின் பேட்டரியின் பிளஸ்ஸில் மாட்டிவிட்டு, கறுப்பை மைனஸிலோ சேஸியிலோ மாட்டவும். கருவியை ஆன் செய்து, குளோ பிளக் (டீசல் எஞ்சினைச் சூடாக்கும் பாகம்) விளக்கு அணைந்த பிறகே சாவியைத் திருப்பவும். பிடிக்கவில்லையென்றால் 20, 30 நொடி பொறுக்கவும். 15 நிமிடத்துக்குள் ஐந்து தடவைக்கு மேல் முயலக் கூடாது.

பேட்டரி 2 வோல்ட்டுக்கும் கீழே போயிருந்தால் கருவி அதை உணராது. அப்போது மேனுவல் பொத்தானை மூன்று நொடி அழுத்திப் பிடிக்க வேண்டும். அந்த நிலையில் தலைகீழ் இணைப்புப் பாதுகாப்பு வேலை செய்யாது. இருட்டில் கிளிப் மாறினால் எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினியான ஈசியுவே போகலாம். மாட்டும்முன் டார்ச் அடித்து பிளஸ் குறியைப் பார்த்துவிடுங்கள்.

நாகை, வேளாங்கண்ணி, தரங்கம்பாடிப் பக்கம் கருவி சரியாக இருந்தும் வண்டி பிடிக்காமல் போவதற்கு டெர்மினலில் படியும் வெள்ளை, பச்சைப் பொருக்கும் ஒரு காரணம். கிளிப்பின் பல் உலோகத்தைத் தொடாது; அந்த இடம் சூடாகி வோல்ட் விழும். வெந்நீரில் சமையல் சோடா கலந்து கழுவி, உப்புத்தாளால் தேய்த்து, வாசலின் பூசி வைக்கவும்.

வைக்கும் இடம்தான் இதன் ஆயுளைத் தீர்மானிக்கும். அக்னி நட்சத்திர வெயிலில் மூடிய வண்டியின் டேஷ்போர்டு 60 டிகிரியைத் தாண்டும். லித்தியம் செல் அதில் உப்பிவிடலாம். கட்டிலுக்கு அடியில், கேஸ் சிலிண்டருக்குத் தள்ளி வையுங்கள். உப்பிய கருவியை மறுபடி சார்ஜ் போடவே கூடாது. ஐப்பசி, கார்த்திகை மழைச்சாரலைக் கருவி தாங்கும், ஆனால் வயர் செருகும் துளைகளின் மூடி இறுக்கமாக இருக்க வேண்டும். தேங்கிய தண்ணீரில் வைக்கக் கூடாது.

வாரந்தோறும் இது தேவைப்பட்டால் கோளாறு வண்டியில். கூரை சோலார் பெரும்பாலும் வீட்டு பேட்டரியைத்தான் ஏற்றும். நிற்கும் வண்டியில் எஞ்சின் பேட்டரியிலிருந்து ஜிபிஎஸ்ஸும் ஸ்டீரியோவும் சேர்ந்து 100 மில்லி ஆம்பியர் இழுத்தாலே பத்து நாளில் 24 ஆம்பியர்-மணி போய்விடும். நிறுத்திப் போடும்போது மைனஸ் வயரைக் கழற்றி விடுங்கள்.