வாட்ஸ்அப் குழுவா, குடியிருப்போர் சங்கமா, கடற்கரை நடையா?

சுற்றுச்சூழல் மீது அக்கறை உண்டு, தனியாக எதுவும் நடக்கவில்லை, நான்கு பேரோடு சேரலாம் என்று நினைப்பவருக்கு நம் நகரங்களில் பொதுவாக நான்கு வகைக் கூட்டங்கள் கிடைக்கின்றன. வாட்ஸ்அப் குழு, கடற்கரையிலும் பூங்காவிலும் நடத்தப்படும் இயற்கை நடை, விதைப் பரிமாற்றக் குழு, குடியிருப்போர் நலச் சங்கம். நான்கிலும் பேச்சு ஏறக்குறைய ஒன்றேதான். பேசிக் கலைந்த பிறகு வீட்டிலும் தெருவிலும் என்ன மாறுகிறது என்று பார்த்தால் இடைவெளி பெரிது.

வாட்ஸ்அப் குழுவை முதலில் பேசி முடித்துவிடலாம். ஒரு குழுவில் 1,024 பேர் வரை இருக்கலாம். பேசுவது ஏழெட்டுப் பேர். வெண்டைச் செடியின் இலை மஞ்சளாகிறது என்று படம் போட்டால் ஐந்து நிமிடத்தில் பதில் வரும், அதுவும் ஆளுக்கொன்றாக. பழைய செய்தித்தாள் எடுப்பவர் எப்போது வருவார், மின்கழிவை எங்கே கொடுப்பது போன்ற கேள்விகளுக்கு இதைவிட விரைவான வழி இல்லை. அதற்கு மேல் எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான். பிளாஸ்டிக் அரிசி, பிளாஸ்டிக் முட்டை வதந்திகள் ஊர் ஊராகப் போனதும் இத்தகைய குழுக்கள் வழியாகத்தான்.

இயற்கை நடை நேர் எதிர். சென்னையில் பெசன்ட் நகர், நீலாங்கரைக் கரைகளில் 1988 முதல் மாணவர்கள் கடலாமை நடை நடத்திவருகிறார்கள். ஜனவரி முதல் மார்ச் வரை பங்குனி ஆமைகள் முட்டையிட வரும் காலம். இரவில் கரையோரம் நடந்து, தடம் பார்த்து, குழியிலிருந்து நூறு முட்டைக்கு மேல் எடுத்து, பொரிப்பகத்தில் புதைத்து, குஞ்சுகள் வெளிவந்ததும் கடலில் விடுகிறார்கள். பொதுமக்களும் இந்த நடையில் சேரலாம். ஒரு குஞ்சு ஆமை கடலை விட்டுவிட்டுத் தெருவிளக்கை நோக்கித் திரும்புவதைப் பார்த்தவருக்கு, கரையோர விளக்கை ஏன் அணைக்க வேண்டும் என்று யாரும் வகுப்பெடுக்க வேண்டாம். 2025 ஜனவரியில் சென்னைக் கரையில் நூற்றுக்கணக்கான ஆமைகள் செத்து ஒதுங்கியபோது, அதைப் பொதுப் பிரச்சினையாக்க, நடை போகிறவர்கள் செத்த ஆமைகளை எண்ணி வைத்த கணக்கு உதவியது. 2015 முதல் நடக்கும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பும் இந்த வகைதான். பொங்கலையொட்டிய நான்கு நாட்களில் மொட்டை மாடியில் கால் மணி நேரம் நின்று, கண்ட பறவைகளைப் பதிவு செய்தால் போதும்.

நடையின் குறை, அது சமையலறைக்குள் வருவதில்லை. ஆமைக்காகக் கண் கலங்கியவர் மறுநாள் காலை மக்கும் குப்பையையும் மக்காததையும் ஒரே பையில் கட்டி வைப்பதில் எந்த முரணையும் காண்பதில்லை.

விதைப் பரிமாற்றத்தில் ஒரு கடன் இருக்கிறது. அதுதான் அதன் பலம். திருத்துறைப்பூண்டியை அடுத்த ஆதிரெங்கத்தில், பாரம்பரிய நெல் வகைகளைத் தேடி மீட்ட நெல் ஜெயராமன் நடத்திய நெல் திருவிழாக்களில், இரண்டு கிலோ பாரம்பரிய விதைநெல் வாங்கிச் செல்லும் விவசாயி அடுத்த ஆண்டு நான்கு கிலோவாகத் திருப்பித் தர வேண்டும். மாப்பிள்ளைச் சம்பாவும் காட்டுயானமும் பூங்காரும் மீண்டும் வயலுக்கு வந்ததில் இந்த எளிய ஒப்பந்தத்துக்குப் பெரும் பங்கு உண்டு. மாடித்தோட்டக் குழுக்களும் இதைப் பின்பற்றலாம். ஆடிப் பட்டம் வந்தால் கூட்டம் தானே கூடும். ஒன்று மட்டும் கவனிக்க வேண்டும்: தக்காளி, அவரை விதைகளைப் பெரும்பாலும் நம்பி வாங்கலாம். சுரை, பீர்க்கு, பூசணி அப்படியில்லை. பக்கத்து மாடியின் மகரந்தம் கலந்திருந்தால் கொடுத்தவர் சொன்ன காய் வராது. கொடுத்தவர் மேல் பழி விழும்.

சங்கக் கூட்டத்துக்கு வருவோம். யாருக்கும் பிடிக்காத கூட்டம் இது. லிப்ட் பழுது, வண்டி நிறுத்தும் தகராறு, பராமரிப்புக் கட்டண பாக்கி எல்லாம் முடிந்து குப்பைக்கு வரும்போது பாதிப் பேர் எழுந்து போயிருப்பார்கள். ஆனாலும் நான்கில் எனக்கு முதலிடம் இதற்குத்தான். மற்ற மூன்றாலும் வேண்டுகோள் வைக்க மட்டுமே முடியும். சங்கம் தீர்மானம் போடும், பணம் ஒதுக்கும், பிரித்துத் தராத குப்பையை வாங்க மறுக்கும். 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள், 5,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட குடியிருப்பு வளாகங்கள் குப்பையைத் தரம் பிரிக்க வேண்டும், மக்கும் குப்பையை இயன்றவரை வளாகத்துக்குள்ளேயே உரமாக்க வேண்டும் என்று பொறுப்பைக் கொடுத்தன. சென்னையில் பிரிக்காத குப்பை பெருங்குடிக்கோ கொடுங்கையூருக்கோ போய் மலையானதுதான் இத்தனை காலக் கதை.

சங்கங்கள் எங்கே சறுக்குகின்றன என்பதும் தெரிந்ததே. உரத் தொட்டி கட்டுவார்கள், படம் எடுப்பார்கள், மூன்றாவது வாரம் நாற்றம் என்று புகார் வரும். காரணம் பெரும்பாலும் ஈரம். சமையலறைக் கழிவோடு காய்ந்த சருகோ தென்னை நார்த்தூளோ போதிய அளவு சேர்க்காமல், கிளறிக் காற்றோட்டமும் கொடுக்காவிட்டால் தொட்டி அழுகத்தான் செய்யும். இதைத் தினமும் கையால் செய்பவர் துப்புரவுப் பணி செய்யும் பெண். அவரைக் கேட்காமல் அவருடைய வேலையைப் பற்றி ஒரு மணி நேரம் தீர்மானம் போடும் கூட்டங்கள்தான் அதிகம். எந்த மாடியிலிருந்து டயாப்பர் மக்கும் குப்பையோடு வருகிறது, சருகு எந்த மாதம் தீர்ந்துபோகிறது என்பது செயலாளரைவிட அவருக்குத் தெரியும். அவருக்கு ஒரு நாற்காலியும் கூடுதல் வேலைக்குக் கூடுதல் சம்பளமும் தராத சங்கத்தை என் பட்டியலில் வாட்ஸ்அப் குழுவுக்குக் கீழேதான் வைப்பேன்.

சொந்த வீட்டுக்காரர் என்றால் சங்கத்துக்குப் போங்கள், செயற்குழுவிலும் நில்லுங்கள். வாடகைக்கு இருப்பவர் நிலை வேறு. பல சங்கங்களில் அவருக்கு வாக்கு இல்லை, சில இடங்களில் கூட்டத்துக்கு அழைப்பே வராது. அவருக்கு விதைக் குழுவைச் சொல்வேன். வீடு மாறினாலும் தொட்டிகளையும் விதைகளையும் கையோடு எடுத்துப் போகலாம். பள்ளிப் பிள்ளைகள் உள்ள வீடு என்றால் ஜனவரியில் கடற்கரை நடையையும் சேர்த்துக்கொள்ளலாம். இரவு விழிக்க வேண்டியிருக்கும் என்பதால் மறுநாள் விடுமுறையா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.