நிறுத்தி வைத்த கார் தாமதமாக ஸ்டார்ட் ஆகிறதா? என் அனுபவம்

திருநகரில் வீட்டு வாசலிலேயே நிற்கும் என் பெட்ரோல் காருக்கு வாரக் கடைசியில்தான் வேலை. அழகர்கோவில், இல்லாவிட்டால் மேலூரில் அக்கா வீடு. 2015இல் வாங்கியது, பெரிய செலவு வைத்ததில்லை. போன வருடம் ஒரு தொந்தரவு வந்தது. சில நாள் நின்றுவிட்டால், செல்ஃப் நன்றாகச் சுற்றியும் இன்ஜின் பிடிக்க நேரமானது. ஒரு தடவை பிடித்துவிட்டால் அன்று முழுக்கப் பிரச்சினையே இல்லை.

கேட்டவர்கள் எல்லோரும் சொன்னது ஒன்றுதான்: "பேட்டரி போயிருக்கும்ணே, மாத்திருங்க." சூடு பேட்டரியின் ஆயுளைக் குறைக்கும் என்பதால் மதுரை வெயிலுக்கு அது நியாயமான சந்தேகம்தான். ஆனால் சத்தத்தைக் கவனியுங்கள். பேட்டரி தளர்ந்தால் செல்ஃப் இழுத்து இழுத்துச் சுற்றும், விளக்கு மங்கும். வேகமாகச் சுற்றியும் பிடிக்கவில்லை என்றால் முதலில் பெட்ரோல் பக்கம் பார்க்கலாம்.

மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தேன். காலையில் வண்டியைத் தொடுவதற்கு முன் 12.6 வோல்ட், செல்ஃப் போடும்போது 10க்கு மேல், ஓடும்போது 14.2. பேட்டரி, அதைச் சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டர் இரண்டுமே சரி. பேட்டரி டெர்மினலிலும் உப்புப் படிவு இல்லை.

அடுத்த சோதனைக்குக் கருவியே வேண்டாம். சாவியை 'ஆன்' வரை மட்டும் திருப்பினால் பின்சீட்டுக்கடியில் பெட்ரோல் பம்ப் ஓரிரு விநாடி முனகி நிற்கும். அணைத்துவிட்டு மறுபடி ஆன். இப்படி இரண்டு மூன்று முறை செய்தபின் செல்ஃப் போட்டதும் தொட்டவுடன் பிடித்தது! பம்ப் ஒவ்வொரு முறையும் பெட்ரோல் லைனில் கொஞ்சம் அழுத்தம் ஏற்றுகிறது. அப்படியானால் வண்டி நிற்கும்போது அந்த அழுத்தம் எங்கோ இறங்கிப் போகிறது.

பழங்காநத்தத்தில் எனக்குத் தெரிந்த மெக்கானிக், பெட்ரோல் அழுத்தத்தைக் காட்டும் கேஜ் மாட்டிப் பார்த்தார். இன்ஜினை அணைத்தபின் வெகுநேரம் நிற்க வேண்டிய அழுத்தம், டீ குடித்து வருவதற்குள் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் வந்திருந்தது. அவர் அத்தோடு பம்பை மாற்றச் சொல்லிவிடவில்லை. அதுதான் அவரிடம் எனக்குப் பிடித்தது. இன்ஜினுக்குள் பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர் கசிந்தாலும் இதே மாதிரி அழுத்தம் இறங்கும். பம்பிலிருந்து வரும் லைனை அடைத்து மறுபடி பார்த்தார், இந்த முறை கேஜ் அசையவில்லை. இன்ஜெக்டர் பக்கம் கசிவில்லை. பெட்ரோல் டேங்குக்கே திரும்பிக்கொண்டிருந்தது. இன்ஜெக்டர் கசிந்திருந்தால் நனைந்திருக்கக்கூடிய ஸ்பார்க் பிளக்குகளும் காய்ந்தே இருந்தன.

அழுத்தத்தைப் பிடித்து வைக்கும் வால்வும், அதை அளவாக வைக்கும் ரெகுலேட்டரும் என் வண்டியில் பம்போடு ஒரே அசெம்ப்ளியாகத்தான் வரும். தனியாக வாங்க முடியாது என்பதால் முழுசாக மாற்றினோம். செலவு கொஞ்சம் கடித்தது. ஆனால் இப்போது சித்திரை வெயிலில் பத்து நாள் நின்றாலும் முதல் சுற்றிலேயே பிடிக்கிறது.

பம்ப் மாற்றும் வரை சாவியைத் திருப்பித் திருப்பி ஆன் செய்து ஓட்டலாம், நானும் சில மாதம் அப்படித்தான் ஓட்டினேன். வண்டியைச் சுற்றிப் பெட்ரோல் வாடை அடித்தால் மட்டும் ஸ்டார்ட் பண்ணாதீர்கள். மெக்கானிக்கை வீட்டுக்கே வரச் சொல்லுங்கள்.