மேம்படுத்திய மறுநாள் திறக்காத லிப்ரே ஆபீஸ்: ஒரு கொலுசுப் பட்டறைக் கணக்கின் 11 வருட அனுபவம்

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் எங்களுக்கு வெள்ளிக் கொலுசுப் பட்டறை. பட்டறையைக் கணவரும் கொழுந்தனாரும் பார்த்துக்கொள்கிறார்கள், கணக்கு என் பொறுப்பு. 2014ல் லிப்ரே ஆபீஸ் என்ற இலவச அலுவலக மென்பொருளின் 4.2 பதிப்பில் எழுதத் தொடங்கினேன். வெள்ளி வரவு, கொலுசுப் பற்று, கூலி, சேதாரம் எல்லாம் அன்றிலிருந்து அதன் விரிதாளான கால்க்கில்தான். 2025 செப்டம்பரில் புதிய பதிப்பை ஏற்றிய மறுநாள் அது திறக்கவே இல்லை. அன்று நான் பட்டதையும் பிறகு தெரிந்துகொண்டதையும் எழுதுகிறேன். இதே நிலையில் யாராவது கணினியை ஃபார்மட் செய்யத் தயாராக உட்கார்ந்திருந்தால், அதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்.

எங்கள் கணக்கு எப்படிப்பட்டது என்று முதலில் சொல்லவேண்டும். எங்களிடம் வரும் வியாபாரி சுத்த வெள்ளியைக் கட்டியாகக் கொடுப்பார், நாங்கள் கொலுசாக்கித் திருப்பிக் கொடுப்போம். 2,350 கிராம் கொலுசு 70 டச்சில், அதாவது நூற்றுக்கு 70 பங்கு சுத்த வெள்ளி என்ற தரத்தில், போனால், அதில் இருக்கும் சுத்த வெள்ளி 1,645 கிராம். அந்த 1,645தான் அவர் கொடுத்த வெள்ளியில் கழியும். சேதாரம் தனி, கூலி தனி. ஆளுக்கு ஒரு தாள், மாதத்துக்கு ஒரு கோப்பு. புள்ளி ஓரிடம் தள்ளி விழுந்தாலும் தலைமுறையாகப் பழகிய இரண்டு குடும்பங்களுக்கு நடுவே மனஸ்தாபம் வந்துவிடும். 2017 ஜூலை 1ல் ஜிஎஸ்டி வந்தபோது பட்டறைகளில் பலர் தடுமாறினார்கள். எனக்கு ஒரு நெடுவரிசை கூடுதலாகச் சேர்க்க வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

தொடங்கிய வருடம் மாமா, அதாவது என் மாமனார், பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து ஒவ்வொரு பெயராகச் சொன்னார். கெட்டிக் கொலுசு, சலங்கைக் கொலுசு, முத்துக் கொலுசு, பாப்பா கொலுசு, தண்டை, மெட்டி, அதற்குள் ஒவ்வொரு டிசைனுக்கும் பட்டறைக்குள் வழங்கும் பெயர். ஒவ்வொன்றுக்கும் இரண்டெழுத்துச் சுருக்கம் வைத்துத் தானியங்கித் திருத்தப் பட்டியலில் ஏற்றினேன். ‘சகொ’ என்று அடித்து இடைவெளி விட்டால் ‘சலங்கைக் கொலுசு’ என்று விழும். வருடா வருடம் சேர்த்து அந்தப் பட்டியல் 400ஐத் தாண்டிவிட்டது. மாமா போய் மூன்று வருடம் ஆகிறது. அதில் உள்ள பல பெயர்களை இப்போது பட்டறையில் கேட்டால்கூடச் சட்டென்று சொல்ல ஆள் இல்லை.

லிப்ரே ஆபீஸைப் பற்றி அறியாதவர்களுக்கு ஒரு வரி: ஓப்பன் ஆபீஸில் உழைத்துக்கொண்டிருந்தவர்கள் பிரிந்து வந்து 2010 செப்டம்பரில் அறிவித்தது இது. இலவசம், தமிழ் இடைமுகம் உண்டு. வருடத்துக்கு இரண்டு பெரிய பதிப்புகள் வரும். 2024லிருந்து பதிப்பு எண்ணே ஆண்டும் மாதமும்தான், 24.2, 24.8, 25.2 என்று.

நான் 24.8லிருந்து 25.8க்குப் போனது ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு. தீபாவளி அக்டோபர் 20. வடக்கே போகிற ஆர்டரெல்லாம் அதற்கு ஒரு மாதம் முன்பே கட்டியாக வேண்டும், எடைச் சீட்டுகள் குவிந்து கிடந்தன. திங்கள் காலை ஐகானை இரண்டு முறை தட்டினேன். லிப்ரே ஆபீஸ் பெயரட்டை வந்தது, அடியில் கோடு முக்கால்வாசி ஓடியது, சட்டென்று மறைந்துவிட்டது. பிழைச் செய்தி எதுவும் இல்லை. மறுபடி தட்டினேன், இந்த முறை அட்டைகூட வரவில்லை.

இரண்டாம் முறை ஏன் எதுவுமே வரவில்லை என்பதற்குக் காரணம் உண்டு. முதலில் தட்டியபோது கிளம்பிய எஸ்ஆபீஸ்.பின் என்ற செயல் சாகாமல் பின்னால் தொங்கிக்கொண்டிருக்கும். அடுத்து எத்தனை முறை தட்டினாலும் எல்லாம் அதனிடமே போய்ச் சேரும், அதுவோ பதில் சொல்லாது. டாஸ்க் மேனேஜரைத் திறந்து, எஸ்ஆபீஸ் என்று தொடங்கும் எல்லாவற்றையும் முடித்துவிட்டுத்தான் அடுத்த முயற்சியைச் செய்யவேண்டும். இது தெரியாமல் செய்யும் எந்தச் சோதனையும் தப்பான பதிலைத்தான் தரும். எனக்கு அன்று காலை தெரியாது.

மென்பொருளை நீக்கிவிட்டு மறுபடி நிறுவினேன். அரை மணி நேரம் போனது, அதே முக்கால் கோடு, அதே மறைவு. கடைத்தெருவில் கணினி பழுது பார்க்கும் தம்பியை வரவழைத்தேன். நல்ல பிள்ளை, எங்கள் வீட்டு பிரிண்டரை எத்தனையோ முறை சரிசெய்து கொடுத்திருக்கிறான். பத்து நிமிடம் பார்த்துவிட்டு, “அக்கா, உள்ள என்னமோ குழம்பிப்போச்சுங்க்கா. ஃபார்மட் போட்டுப் புதுசா ஏத்திரலாம். உங்க கணக்கு ஃபைலெல்லாம் டி டிரைவ்லதான இருக்கு, அதுக்கு ஒண்ணும் ஆகாது” என்றான்.

கணக்குக் கோப்பு டி டிரைவில் இருந்தது உண்மைதான். மாமா சொல்லிச் சேர்த்த பெயர்கள் எங்கே இருக்கின்றன என்று கேட்டேன். அவனுக்குத் தெரியவில்லை. சாயங்காலம் பார்க்கலாம் என்று அனுப்பிவிட்டு, அன்றைய எடையெல்லாம் மாமாவின் பழைய நீள நோட்டில் கையால் எழுதினேன்.

இரவு கோயம்புத்தூரில் படிக்கும் மகன் போனில் வந்தான். “நீக்கிட்டுப் போட்டா ஒண்ணும் மாறாதும்மா. நம்ம செட்டிங்ஸ் எல்லாம் இருக்கிற புரொஃபைல் அப்படியேதான் இருக்கும். சேஃப் மோடுல திறந்து பாரு.” ஸ்டார்ட் மெனுவில் லிப்ரே ஆபீஸ் வரிசையிலேயே சேஃப் மோடு என்று தனியாக ஒன்று இருக்கிறது. 5.3 பதிப்பிலிருந்து உள்ள வசதி, இத்தனை வருடம் நான் அதைத் தொட்டதே இல்லை. எஸ்ஆபீஸ்.பின்னை முடித்துவிட்டு அதைத் தட்டினேன். ஒரு பெட்டி வந்தது. பாதுகாப்பு முறையிலேயே தொடரலாம் என்ற பொத்தானை அழுத்தியதும் கால்க் திறந்துவிட்டது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது எனக்கு.

சேஃப் மோடு செய்வது இவ்வளவுதான்: நம் அமைப்புகளை ஒதுக்கிவைத்துவிட்டு, தற்காலிகமான ஒரு புது புரொஃபைலோடு மென்பொருளைத் திறக்கிறது. அதில் திறந்தால் மென்பொருள் நலமாக இருக்கிறது, கோளாறு நம் புரொஃபைலில். அதிலும் திறக்கவில்லை என்றால்தான் நிறுவலையோ விண்டோஸையோ சந்தேகிக்கவேண்டும். காலையிலேயே இது தெரிந்திருந்தால் ஒரு நாள் மிச்சமாகியிருக்கும்.

அந்தப் புரொஃபைல் எங்கே இருக்கிறது என்பதுதான் இந்த அனுபவத்தில் நான் கற்ற பெரிய விஷயம். விண்டோஸ் விசையோடு ஆர் விசையை அழுத்தி, வரும் பெட்டியில் ஆப்டேட்டா என்பதை இரண்டு சதவீதக் குறிகளுக்கு நடுவே ஆங்கிலத்தில் அடித்தால் ரோமிங் என்ற கோப்புறை திறக்கும். அதற்குள் லிப்ரே ஆபீஸ், அதற்குள் 4, அதற்குள் யூசர். பதிப்பு 25ஐ எட்டிய பிறகும் அந்தக் கோப்புறையின் பெயர் 4தான். பழசு என்று நினைத்து அதை அழித்துவிடாதீர்கள். 2013ல் வந்த 4.0லிருந்து ஒவ்வொரு பதிப்பும் அதே கோப்புறையைத்தான் எடுத்து ஆள்கிறது. 2019ல் புதுக் கணினி வாங்கியபோது மகன் பழையதிலிருந்து அதை அப்படியே நகலெடுத்துப் போட்டிருந்தான். ஆக என் யூசர் கோப்புறைக்கு வயது 11. நான் எப்போதோ போட்டு மறந்தவையெல்லாம் அதற்குள்தான் இருந்தன.

உள்ளே ஒவ்வொன்றும் தனித்தனிக் கோப்புறை. ஆட்டோகார் என்பதில் சுருக்கெழுத்துப் பட்டியல், வேர்ட்புக்கில் நாம் அகராதியில் சேர்த்த சொற்கள், பேசிக்கில் மேக்ரோக்கள் (வேலையைத் தானாகச் செய்யும் சிறு நிரல்கள்), டெம்ப்ளேட்டில் பில் வார்ப்புருக்கள். பேக்கப் என்பதில் தானாகச் சேமித்த மீட்புக் கோப்புகள். யூனோ பேக்கேஜஸ் என்பதில் கூடுதல் வசதிக்கு நாமாக ஏற்றிய துணை நிரல்களான நீட்சிகள். இவற்றுக்கு வெளியே ரிஜிஸ்ட்ரிமாடிபிகேஷன்ஸ் என்று நீளப் பெயரோடு ஒரே ஒரு கோப்பு; மெனுவில் நாம் மாற்றிய விருப்பங்களெல்லாம் அதில்தான்.

மகன் சொன்னபடி லிப்ரே ஆபீஸை முழுக்க மூடிவிட்டு, யூசர் கோப்புறையின் பெயரை மட்டும் யூசர்-பழசு என்று மாற்றினேன். அழிக்கவில்லை. அழித்தால் பேக்கப் கோப்புறையும் சேர்ந்து போய்விடும், பாதியில் நின்ற வேலை அதில் இருந்தால் அதுவும் போய்விடும். பெயரை மாற்றிவிட்டு ஐகானைத் தட்டியதும் புதுசாக ஒரு யூசர் கோப்புறையை உண்டாக்கிக்கொண்டு 25.8 ஒழுங்காகத் திறந்தது. பிறகு பழையதிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துவைத்தேன். ஆட்டோகார் வைத்தேன், திறந்தேன், ‘சகொ’ அடித்தேன், ‘சலங்கைக் கொலுசு’ வந்தது. மூடினேன். வேர்ட்புக், பேசிக், டெம்ப்ளேட் ஒவ்வொன்றையும் அப்படியே வைத்துத் திறந்து பார்த்தேன். எல்லாம் சரி. கடைசியில் யூனோ பேக்கேஜஸை வைத்தேன். முக்கால் கோடு ஓடி மறைந்துவிட்டது.

அதற்குள் இருந்தது ஒரே ஒரு நீட்சி. தேதியைத் தேர்ந்தெடுக்கச் சின்ன நாட்காட்டி காட்டும், 2016ல் எங்கிருந்தோ இறக்கி ஏற்றியது. அதன் புதிய பதிப்பு எதுவும் வந்திருக்கவில்லை. ஒன்பது வருடம் பழைய பொருளைப் புதிய பதிப்பு எழும்போது தூக்கிக்கொண்டு எழப் பார்த்திருக்கிறது, முடியவில்லை. அதை விலக்கியதும் எல்லாம் பழையபடி ஆனது. சேஃப் மோடு பெட்டியிலேயே நாம் ஏற்றிய நீட்சிகளை மட்டும் நிறுத்தும் தெரிவு இருக்கிறது. முதலில் அதைச் செய்து பார்த்திருந்தால் கோப்புறைப் பக்கமே போகவேண்டியிருக்காது. ஆனாலும் எந்தப் பெயர் எங்கே இருக்கிறது என்று தெரிந்ததற்காக அந்த இரவை நான் வீணானதாக எண்ணவில்லை.

ஒரு சின்னக் கலக்கம் மிச்சமிருந்தது. செப்டம்பர் கணக்குக் கோப்பைத் திறந்தால், வேறொருவர் திருத்திக்கொண்டிருக்கிறார், படிக்க மட்டும் திறக்கட்டுமா என்று கேட்டது. அந்த வேறொருவரின் பெயர் என் பெயரேதான். மென்பொருள் ஒழுங்காக மூடாமல் செத்தபோது விட்டுப்போன பூட்டு அது. கோப்பு இருக்கும் இடத்திலேயே லாக் என்ற சொல்லோடு மறைந்த கோப்பாகக் கிடக்கும். வேறு யாரும் அதைத் திறந்துவைத்திருக்கவில்லை என்று உறுதி செய்துகொண்டு அழிக்கலாம், கணக்குக்கு ஒன்றும் ஆகாது.

திறக்கவில்லை என்பதெல்லாம் ஒரே நோய் அல்ல. என் பழைய கணினி இப்போது கொழுந்தனார் வீட்டில், அதில் விண்டோஸ் 7. என்னைப் பார்த்து அவரும் 25.8 போடப் பார்த்தார். அந்தப் பதிப்பு விண்டோஸ் 7, 8, 8.1 எதிலும் ஓடாது, குறைந்தது விண்டோஸ் 10 வேண்டும். அவருக்கு 25.2ஐப் போட்டுக் கொடுத்தோம். நாத்தனார் வீட்டு லேப்டாப்பில் வேறு கதை: ஜன்னல் வெள்ளையாக ஒரு கணம் வந்து மூடிக்கொண்டது. சேஃப் மோடில் வன்பொருள் முடுக்கத்தை, அதாவது திரை வரையும் வேலையை கிராபிக்ஸ் சிப்பிடம் விடுவதை, நிறுத்தியதும் அந்தத் தொல்லை நின்றது. 7.0லிருந்து திரையில் வரைவதை ஸ்கியா என்ற நிரல் நூலகம் பார்க்கிறது. பழைய கிராபிக்ஸ் டிரைவரோடு அது ஒத்துப்போகாத இடங்களில் இப்படி ஆகும். டிரைவரைப் புதுப்பித்த பிறகு முடுக்கத்தை மறுபடி போட்டுவிட்டார்கள்.

இத்தனைக்குப் பிறகும் லிப்ரே ஆபீஸைத்தான் வைத்திருக்கிறேன். ஆடிட்டர் அனுப்பும் எக்செல் மேக்ரோக்களில் பல இதில் சரியாக ஓடாது, அது தேவைப்படுகிறவர்கள் யோசித்து வரவேண்டும். எங்கள் எடைக் கணக்குக்கு இதில் குறையென்று ஒன்றும் இல்லை. கோப்பு ஓடிஎஸ் என்ற பொது வடிவில் இருப்பதால், மென்பொருள் திறக்காத நாளிலும் கணக்கு வேறு மென்பொருளில் திறக்கும் என்ற தைரியம் இருக்கிறது. மழைநாளில் கரண்ட் போய்க் கணினி அணைந்த ஒரு முறை, பேக்கப் கோப்புறையில் இருந்த நகல்தான் ஒரு நாள் எடை முழுவதையும் காப்பாற்றியது. பழைய பதிப்புகளில் அந்த நகல் தானாக வராது, விருப்பங்களில் லோட் சேவ் பகுதிக்குப் போய் எப்போதும் காப்பு நகல் எடு என்பதை டிக் செய்யவேண்டும்; 24.2லிருந்து புதிதாக நிறுவினால் அது முன்பே டிக் ஆகியிருக்கும்.

இப்போதெல்லாம் புதிய பதிப்பு வந்த உடனே ஏற்றுவதில்லை. இரண்டு மூன்று திருத்த வெளியீடுகள் வரட்டும் என்று விடுகிறேன், தீபாவளிக்கு முந்தைய இரண்டு மாதம் தொடுவதே இல்லை. ஏற்றும் முன் யூசர் கோப்புறையை பென் டிரைவில் தேதி போட்டு நகலெடுக்கிறேன், அதன் இன்னொரு நகல் மகனிடம். கடைத்தெருத் தம்பிக்கும் அந்தக் கோப்புறையைக் காட்டினேன். அதற்குப் பிறகு வேறொரு பட்டறையில் இதே முக்கால் கோடு வந்தபோது ஃபார்மட் போடாமல் அவனே சரிசெய்துவிட்டு வந்து சொன்னான்.

நாட்காட்டி நீட்சியை மறுபடி தேடவில்லை. விசைப்பலகையை ஆங்கிலத்துக்கு மாற்றி, கண்ட்ரோல் விசையோடு அரைப்புள்ளியை அழுத்தினால் இன்றைய தேதி கட்டத்தில் விழுந்துவிடுகிறது.