78,000 ரூபாய் போச்சு: குடியை விட்டவர்களுக்கான விடுதியில் ஆளைச் சேர்க்கும் முன் இதைப் படித்துவிடுங்கள்

எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள், கோபம் இன்னும் அடங்கவில்லை. தம்பியைத் திங்கள்கிழமைதான் கூட்டிக்கொண்டு வந்தேன். இன்று வியாழன். இந்த மூன்று நாளில் அந்த விடுதிக்கு முப்பது தடவைக்கு மேல் போன் போட்டாச்சு. எடுத்தது நாலே தடவை. போன பணம் 78,000 ரூபாய்.

பெயர் சொல்லப் போவதில்லை. சொன்னால் என் மேலேயே கேஸ் போடுவார்கள் என்று வக்கீலாக இருக்கிற சித்தப்பா மகன் பயமுறுத்தி வைத்திருக்கிறான். என்ன மாதிரி இடம் என்று மட்டும் சொல்கிறேன். கொடைக்கானல் கீழ்மலையில், வத்தலக்குண்டிலிருந்து ஏறுகிற பாதையில், காப்பித் தோட்டத்துக்குள் இருக்கிற ஆண்கள் விடுதி. ஆஸ்பத்திரியில் குடியை நிறுத்தியவர்கள் நேரே ஊருக்கு வந்து மறுபடி டாஸ்மாக் வாசலில் போய் நிற்காமல், சில மாதம் குடிக்காத ஆட்களோடு தங்கிப் பழகட்டும் என்று வைத்திருக்கிற இடம். 'சோபர் ஹோம்' என்கிறார்கள். யோசனையில் குறை இல்லை. அங்கே வேலை பார்க்கிற ஆட்கள் யார், எவர் என்று நான் கேட்காமல் விட்டதுதான் குறை.

தம்பிக்கு 38 வயது. குட்டியானை லோடு வண்டி ஓட்டுகிறான். மதுரையில் 30 நாள் ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்த்தோம். டிஸ்சார்ஜ் அன்று டாக்டர் அம்மா, "இனிமே வர்ற மூணு மாசந்தான் பெரிய பரீட்சை, தனியா விடாதீங்க" என்றார். எங்கள் வீட்டிலிருந்து ரெண்டு தெரு தள்ளி டாஸ்மாக் கடை. அவனுடைய கூட்டாளிகள் சாயங்காலம் ஆனால் வாசலில் வந்து ஹாரன் அடிப்பார்கள். நான் தையல் கடையைப் பார்ப்பேனா, இவனைக் காவல் காப்பேனா? செல்போனில் வந்த விளம்பரத்தைப் பார்த்துப் பேசினேன். கார்த்திகை மாசம் கூட்டிக்கொண்டு போனேன்.

நான் ஏமாந்த அந்த அரை மணி நேரத்தைச் சொல்லியே ஆக வேண்டும்.

வராந்தாவில் பிரம்பு நாற்காலி போட்டு உட்கார வைத்தார் நடத்துகிறவர். ஐம்பது வயசு இருக்கும், வெள்ளைச் சட்டை, மெதுவான பேச்சு. சுக்குக் காப்பி வந்தது. எதிரே மிளகுக்கொடி ஏறிய மரங்கள், பின்னால் மஞ்சு இறங்கிக்கொண்டிருக்கிறது. தானும் பதினெட்டு வருஷம் குடித்தவன்தான் என்றார். பெண்டாட்டி தாலியை அடகு வைத்த கதையைச் சொல்லும்போது அவர் கண்ணில் தண்ணீர். எனக்கும். "அக்கா, நானும் உங்க தம்பி மாதிரிதான். என்னை நம்பி விட்டுட்டுப் போங்க" என்றார். 24 மணி நேரமும் நர்ஸ், வாரம் ரெண்டு தடவை மனநல டாக்டர், ரெண்டு கவுன்சிலர், ராத்திரிக்குத் தனி வார்டன் என்று விரல் விட்டுச் சொன்னார். அட்வான்ஸ் 30,000, மாசம் 16,000, மூணு மாசத்தையும் மொத்தமாகக் கட்டினால் மலையைப் பார்த்த ரூம்.

ஏலச்சீட்டு எடுத்த பணமும் வளையல் அடகு வைத்ததும் கைப்பையில் இருந்தது. எல்லாம் ஐநூறு ரூபாய்த் தாள். எண்ணிக் கொடுத்தேன். அவர் எச்சில் தொட்டு மறுபடி எண்ணி, ஒரு தாளை மட்டும் உருவி என் பக்கம் நீட்டினார். "157 தாள் இருக்குக்கா. 156 போதும். இது உங்க காசு."

அந்த ஐநூறு ரூபாயைத் திருப்பிக் கொடுத்தாரே, அங்கேதான் நான் விழுந்தேன். ஐநூறைத் தொடாதவன் 78,000-ஐத் தொடுவானா என்று பஸ்ஸில் வரும்போது எனக்கு நானே சொல்லிக்கொண்டு வந்தேன். ரசீதை மடித்துச் சீட்டுப் புத்தகத்துக்குள் வைத்தேன், வாசித்துக்கூடப் பார்க்கவில்லை.

முதல் 21 நாள் பேசக் கூடாது, அது ரூல். சரி என்றேன். அப்புறம் வாரம் ஒரு தடவை, ஐந்து நிமிஷம், ஸ்பீக்கரில் போட்டு, பக்கத்தில் வார்டனை வைத்துக்கொண்டு. "நல்லாருக்கேன்க்கா" என்பான். ஒரு தடவை, "குட்டியானைக்கு எஃப்.சி. காட்டியாச்சாக்கா?" என்று கேட்டான். எஃப்.சி., அதாவது வண்டிக்கு வாங்குகிற தகுதிச் சான்று, ஆடி மாசமே அவனே போய்க் காட்டிவிட்டு வந்தது. குடித்துக் குடித்து ஞாபகம் போய்விட்டது போல என்று நினைத்து, "ஆச்சுப்பா" என்றேன். ஏதோ சரியில்லை என்று எனக்குப் புரிய வைக்கப் பார்த்திருக்கிறான். மரமண்டை எனக்கு உறைக்கவில்லை. பொங்கலுக்கு வருகிறேன் என்று கேட்டேன். "வீட்டு ஆளைப் பார்த்தா டிஸ்டர்ப் ஆயிருவாருக்கா" என்றார்கள்.

இனி அங்கே வேலை பார்த்த ஆட்களைப் பற்றி. இதெல்லாம் தம்பி வந்து சொன்னது.

24 மணி நேர நர்ஸ் என்பது சனிக்கிழமை வந்து எல்லாருக்கும் பிரஷர் பார்த்து, பார்ப்பதைப் போட்டோ எடுத்துக்கொண்டு போகிற ஒரு பெண். டாக்டர் 47 நாளில் ரெண்டு தடவை, அதுவும் வீடியோ காலில். கவுன்சிலர் ஒருவர்தான். காலையில் எல்லாரையும் உட்கார வைத்து யூடியூப்பில் யாரோ பேசுவதைப் போட்டுவிட்டு வெளியே போய்விடுவார். வார்டன்? 24 வயசுப் பையன். அவனும் அங்கே ஆளாக வந்தவன்தான். கடைசி மாசப் பணம் கட்ட முடியாததால், சம்பளம் இல்லாமல் சாப்பாட்டுக்கு வேலை பார்க்கிறான். அவன் குடியை விட்டே ஐந்து மாசம்தான் ஆகிறதாம்.

குடித்துத் திருந்தியவர் இந்த வேலைக்கு வருவதில் தப்பே இல்லை. ஏ.ஏ. (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்) என்று குடியை விட்டவர்கள் கூடிப் பேசுகிற அமைப்பைச் சொல்கிறார்களே, 1935-ல் அமெரிக்காவில் அது ஆரம்பித்ததே ஒரு குடிகாரர் இன்னொரு குடிகாரரோடு உட்கார்ந்து பேசியதில்தான். அங்கே கட்டணமும் கிடையாது. ஆனால் தன் கால் ஊன்றாத பையன் கையில் பதினாறு பேரையும் மாத்திரை அலமாரிச் சாவியையும் கொடுத்துவிட்டு, நடத்துகிறவர் ராத்திரி கீழே போய் வீட்டில் தூங்குவது என்ன நியாயம்? அந்தப் பையன் மேல் எனக்குக் கோபம் வர மாட்டேன் என்கிறது. அவனுக்கும் எங்கேயோ ஒரு அக்கா இருப்பாள்.

அப்புறம் 'ஒர்க் தெரபி'. அதாவது காலை ஏழு மணியிலிருந்து நாலு மணி வரை காப்பிப் பழம் பறிப்பது. மார்கழி, தை என்றால் கீழ்மலையில் பறிப்பு நேரம், ஆள் கிடைக்காது. பக்கத்துத் தோட்டங்களின் பறிப்பை இவர் மொத்தமாகப் பேசி எடுத்து, இவர்களை அனுப்பியிருக்கிறார். தம்பியின் விரல் இடுக்கெல்லாம் கறுப்புக் கறை, தேங்காயெண்ணெய் போட்டுத் தேய்த்தும் போகவில்லை. கழுத்தைச் சுற்றிச் செவ்வெறும்பு கடித்த தடிப்பு. தலையை மொட்டை அடித்திருக்கிறார்கள், பேன் வருமாம். கூலி ஒரு ரூபாய் கிடையாது. 78,000 ரூபாய் கட்டி என் தம்பியைக் கூலியில்லாத ஆளாக அனுப்பியிருக்கிறேன்.

சித்தப்பா மகன் சட்டத்தை எடுத்துக் காட்டினான். 2017-ஆம் வருஷத்து மனநலப் பராமரிப்புச் சட்டத்தில் குடிப்பழக்கத்தால் வருகிற பாதிப்பும் சேர்த்தி. கட்டாய வேலை வாங்கக் கூடாது, கட்டாயமாக மொட்டை அடிக்கக் கூடாது, வீட்டாரோடு பேச விட வேண்டும் என்றெல்லாம் அதிலேயே எழுதியிருக்கிறது. இந்த மாதிரி இடங்கள் மாநில மனநல ஆணையத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். அதைக் கேட்டால் என்ன சொல்கிறார்கள் தெரியுமா? "நாங்க சிகிச்சை கொடுக்கலைக்கா, இது தங்குற இடம் மட்டும்." வாசல் போர்டில் 'மறுவாழ்வு சிகிச்சை' என்று ரெண்டடி எழுத்தில் இருக்கிறது.

போன வெள்ளிக்கிழமை சாயங்காலம் புதிதாக ஓர் ஆளை இறக்கியிருக்கிறார்கள். வாயில் அப்போதும் சரக்கு நெடி. ஆஸ்பத்திரியே பார்க்காத ஆள். குடியை ஏற்கெனவே நிறுத்தியவர்களுக்கான இடத்தில் இப்படி ஒருவரைச் சேர்க்கவே கூடாது. காசு வருகிறது, சேர்த்துவிட்டார். வருஷக்கணக்கில் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் முதல் ரெண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம், அடுத்த ரெண்டு மூணு நாளில் புத்தி தடுமாறிப் போகலாம், உயிருக்கே ஆபத்து என்று மதுரை டாக்டர் எங்களுக்குப் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். அதற்குத்தான் ஆஸ்பத்திரியில் வைத்து மருந்து கொடுத்து இறக்குகிறார்கள்.

சனிக்கிழமை ராத்திரி அந்த மனுஷன் வியர்த்து ஊற்ற, இல்லாத பூச்சியைச் சுவரிலிருந்து பொறுக்கிக்கொண்டிருந்தாராம். ரெண்டு மணிக்கு வலிப்பு. வார்டன் பையன் நடத்துகிறவருக்குப் போன் போட்டிருக்கிறான். அவர் சொன்னது: "மூஞ்சில தண்ணி அடி. கைல இரும்பு குடு. காலைல பாப்போம்." பையன் அழுதுகொண்டே, இடுப்பில் கிடந்த மாத்திரை அலமாரிச் சாவிக்கொத்தை எடுத்து அந்த ஆள் உள்ளங்கையில் வைத்து அழுத்தியிருக்கிறான். மருந்து இருக்கிற அலமாரிச் சாவி! எந்த மருந்து எதற்கென்று அவனுக்கு யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை.

தம்பிதான் ஆளை ஒருக்களித்துப் படுக்க வைத்திருக்கிறான், அவன் ஆஸ்பத்திரியில் பார்த்துப் பழகியது. சமையல்கார ஐயா ஓடிப்போய்ப் பக்கத்துத் தோட்டத்து ஜீப்பை எழுப்பிக்கொண்டு வந்தார். மூணு பேருமாக வத்தலக்குண்டுக்கு இறக்கியிருக்கிறார்கள். அவர் பிழைத்துக்கொண்டார். மறுநாள் மத்தியானம் அந்த ஐயாதான் தன் போனிலிருந்து என்னைக் கூப்பிட்டார். "தாயி, ஒந் தம்பி நல்லாருக்கான். ஆனா இங்க வேணாம். வந்து கூட்டிக்கிட்டுப் போயிரு." அந்த இடத்தில் செய்ய வேண்டிய வேலையைச் செய்த ஒரே ஆள், சோறு ஆக்குகிறவர்.

திங்கள்கிழமை முதல் பஸ்ஸில் போனேன். கேட்டுக்கு வெளியே மண்ணில் பையை வைத்துக்கொண்டு தம்பி உட்கார்ந்திருந்தான். ராத்திரியில் அனுமதி இல்லாமல் வெளியே போனதற்கு டிஸ்சார்ஜாம். ரிஜிஸ்டரில் 'சுய விருப்பத்தில் சென்றார்' என்று எழுதி வைத்திருக்கிறார்கள். நடத்துகிறவர் கொடைக்கானல் போய்விட்டார் என்றார்கள். அவருடைய கார் ஷெட்டில்தான் நின்றது.

பணத்துக்கு நடந்த கூத்து. முதல் போன்: "சார் செஷன்ல இருக்கார்." ரெண்டாவது: "அக்கவுண்ட்ஸ் மதுரைல, இந்த நம்பர்ல பேசுங்க." பேசினேன், அது ஏதோ டிராவல்ஸ். மூணாவது தடவை அவரே எடுத்தார். அதே மெதுவான குரல். "உங்க கோபம் எனக்குப் புரியுதுக்கா. ஆனா தம்பி கோஆப்பரேட் பண்ணல. ரசீதை ஒரு தடவ வாசிச்சுப் பாருங்க."

சீட்டுப் புத்தகத்தைத் திறந்து வாசித்தேன். அட்வான்ஸ் இல்லை, மாசக் கட்டணம் இல்லை. ஒரே வரி: நன்கொடை, ரூ. 78,000.

இன்று காலை நாலாவது போன். "நன்கொடையத் திருப்பிக் கேக்குறது உங்களுக்கே நல்லாருக்காக்கா?" என்று கேட்டார். அதற்கப்புறம் வாட்ஸ்அப்பில் அவர் போட்டோ காணோம், பிளாக் பண்ணிவிட்டார்.

பத்துப் பதினைந்து விஷயம் எழுத வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன். முகூர்த்த பிளவுஸ் வாங்க ஆள் வந்து நிற்கிறது, முக்கியமானதை மட்டும் சொல்கிறேன். ராத்திரி அங்கே படுத்திருப்பது யார், அவருக்குச் சம்பளம் உண்டா, அவர் குடியை விட்டு எத்தனை வருஷம் என்று கேளுங்கள். பதிவுச் சான்றிதழைக் கண்ணால் பாருங்கள். மாசா மாசம்தான் பணம், மொத்தமாகக் கட்டவே கட்டாதீர்கள். ரசீதை அங்கேயே நின்று வாசியுங்கள், நன்கொடை என்று இருந்தால் எழுந்து வந்துவிடுங்கள். சமையல் கட்டுக்குள் போய் ஆக்குகிறவரிடம் ரெண்டு நிமிஷம் பேசுங்கள். போதை விடுவதற்கு அரசின் இலவச நம்பர் 14446, மனநலத்துக்கு 14416. நான் இதையெல்லாம் இப்போதுதான் தெரிந்துகொண்டேன். உங்கள் வீட்டு ஆள் போனில் சம்பந்தமில்லாமல் எஃப்.சி. பற்றிக் கேட்டால் அடுத்த பஸ்ஸைப் பிடியுங்கள்.

தம்பி கடையில் என் பக்கத்தில்தான் உட்கார்ந்து ஹூக் தைக்கிறான். வர்ற திங்கள்கிழமை கலெக்டர் ஆபீஸில் குறைதீர் நாள், மனு கொடுக்கப் போகிறேன். மனு எழுதித் தருகிறவர் நூறு ரூபாய் கேட்கிறார். 78,000 போனதோடு இதுவும்.