பிட்கேர்ன் தீவின் வானொலி அறிவிப்புச் சேவை: ஒரு மதிப்பீடு

பசிபிக் பெருங்கடலில் ஏறத்தாழ 50 பேர் மட்டுமே வாழும் பிட்கேர்ன் தீவில், வீடுகளை இணைக்கும் வி.எச்.எஃப். எனும் இருவழிப் பேச்சு வானொலியை ஊராட்சியின் உயிர்நாடியான சேவையாகவே மதிப்பிடுகிறேன். கப்பல் வருகையும் பொதுப்பணிக்கான அழைப்பும் எல்லோர் காதிலும் ஒரே நேரத்தில் விழுவதால், கப்பலுக்குச் சென்றுவரும் நீள்படகுகளைக் கடலில் இறக்கத் தேவையான ஆட்கள் பவுண்டி விரிகுடாவின் இறங்குதுறையில் கூடிவிட முடிகிறது. முன்பு கப்பல் தென்பட்டால் தீவின் ஒரே ஊரான ஆடம்ஸ்டவுனின் சதுக்கத்தில் 5 முறை மணி அடித்தார்கள். மணி செய்தியை மட்டுமே சொன்னது, வானொலியோ கேட்பவரையும் பேச விடுகிறது என்பதே இதன் பெரும் சிறப்பு.

ஆனால், நாள்தோறும் முகம் பார்த்து வாழும் உறவினர்களிடையே, அனைவரும் கேட்கும் அலைவரிசையில் மாற்றுக் கருத்தைச் சொல்வது எளிதன்று. 1838இலேயே பெண்களுக்கும் வாக்குரிமை தந்த இத்தீவில், தயங்குவோரின் குரல் மேயரும் உறுப்பினர்களும் அமரும் தீவு மன்றத்தை எட்டுவதற்கு இச்சேவை மட்டும் போதாது.