ஐப்பசி மழைக்குத் தாங்கிய ரெயின்கார்டு பசை

நம்ம கன்னியாகுமரி மாவட்டத்தில் ரப்பருக்கு ரெயின்கார்டு, அதாவது பால் வெட்டும் பட்டை மழையில் நனையாமல் மரத்தில் பசை வைத்துக் கட்டும் பிளாஸ்டிக், வாங்குகிறவர்கள் ஐப்பசியை நினைத்து வாங்க வேண்டும். கடைகளில் ஆனி, ஆடியைச் சொல்லித்தான் விற்கிறார்கள். கேரளத்துக்கு அது சரி, அங்கே பெருமழை இடவப்பாதி என்கிற தென்மேற்குப் பருவமழையில்தான். திருவட்டாறு, குலசேகரம், அருமனைப் பக்கம் கதை வேறு. வைகாசிக் கடைசியில் தொடங்கும் மழை ஓய்ந்த பிறகு, ஐப்பசி கார்த்திகையில் இன்னொரு மழைக்காலம் முழுசாக வரும். வைகாசியில் கட்டிய பிளாஸ்டிக் மார்கழி வரை மரத்தில் நிற்க வேண்டும். நடுவில் ஆவணி, புரட்டாசி வெயிலையும் தாங்க வேண்டும்.

இதைப் பார்ப்பதற்காகவே போன வருடம் இரண்டு விதமான பசை வாங்கினேன். ஒன்று விலை குறைந்தது, டின்னில் வரும் கறுப்புப் பசை. மற்றது விலை கூடியது, நிறம் அதேதான், ஆனால் கையில் எடுத்தால் இழுபடும். ஒரு வரிசை மரங்களுக்கு ஒன்று, அடுத்த வரிசைக்கு மற்றது என்று மாற்றி மாற்றிக் கட்டச் சொன்னேன். பிளாஸ்டிக் எல்லா மரத்துக்கும் ஒன்றுதான்: 300 கேஜ், 45 செ.மீ. அகலம், மார்த்தாண்டத்தில் கிலோ கணக்கில் வாங்கியது. கட்டியவரும் எங்கள் மரங்களில் பால் வெட்டும் வெட்டுக்காரர் ஒருவரே. அதனால் தெரிந்த வித்தியாசம் முழுக்கப் பசையினுடையது.

கட்டும் வேலை பார்க்க எளிது, செய்யக் கடினம். பாலுக்காகப் பட்டையில் போடும் வெட்டுக்கு மேலே, பட்டையின் சொரசொரப்பை மட்டும் பச்சை தெரியாமல் சுரண்ட வேண்டும். அந்த இடத்தில் சுற்றிலும் பசை தேய்த்து, பிளாஸ்டிக்கைப் பாவாடை மாதிரி சுருக்கு வைத்து ஒட்டி, மேலே துணி நாடா கட்டி, ஸ்டேப்ளர் அடித்து, மறுபடியும் மேல் விளிம்பில் பசை பூச வேண்டும். இந்தக் கடைசிப் பூச்சைத்தான் நிறைய பேர் மிச்சம் பிடிக்கிறார்கள். எல்லாம் தங்குவது அதில்தான். எங்கள் வெட்டுக்காரர் பிளாஸ்டிக்கைப் பற்றி அதிகம் பேசவே மாட்டார். “கொடை பிடிச்சாலும் மரம் நனையும் மக்களே, தண்டு வழியாட்டு வெள்ளம் வரும்” என்பார். கிளைகளில் விழுகிற மழையெல்லாம் தண்டில் சேர்ந்து ஒழுகி வெட்டுக்கு வரும். அதைத் தடுப்பது பசையின் வேலை.

ஆனி, ஆடியில் இரண்டு பசையும் ஒன்றுபோலவே இருந்தன. சாரல்தானே, தண்டு ஈரமாகுமே தவிர ஓடையாக ஒழுகாது. அந்த மாதங்களில் மட்டும் பார்த்துவிட்டு யாராவது விலை குறைந்ததே போதும் என்றால், அவர்கள் சொல்வது பொய்யில்லை.

ஆவணி வெயிலில்தான் வித்தியாசம் தொடங்கியது. 2017 ஒக்கிப் புயலில் எங்கள் தோட்டத்தில் மரங்கள் சரிந்த இடங்கள் இன்னும் முழுசாக மூடவில்லை. அங்கே தண்டின்மேல் நேராக வெயில் விழும். விலை குறைந்த பசை அங்கே இளகிக் கீழே வழிந்தது. பிறகு இறுகி, பட்டைக்கும் அதற்கும் நடுவே மயிரிழை மாதிரி வெடிப்பு விட்டது. நிழலில் இருந்த மரங்களில் இது குறைவு.

ஐப்பசி பிறந்ததும் அந்த வெடிப்புகள் கணக்குக் கேட்டன. இங்கே அந்த மாத மழை பெரும்பாலும் மத்தியானத்துக்கு மேல் இடியோடு வரும், ராத்திரி வரை கொட்டும். விடியும்போது வானம் தெளிந்திருக்கும், பட்டை மட்டும் நனைந்திருக்கும். நனைந்த பட்டையில் வெட்டினால் பால் வெட்டுக் கோட்டில் நிற்காமல் பட்டையெல்லாம் பரவிப் போகும், சிரட்டைக்கு வந்து சேராது. நோயும் சுலபமாக ஏறும். காயட்டும் என்று காத்திருந்தால் வெயில் ஏறிப் பால் குறையும். ஆடிச் சாரலில் காலையிலும் தூறினால் ரெயின்கார்டு இருந்தும் வெட்டுக்குப் போக முடியாத நாட்கள் உண்டு. ஐப்பசியில் அப்படி இல்லை, பட்டை காய்ந்திருந்தால் அன்றைக்கு வெட்டு உண்டு. ரெயின்கார்டு முழுசாகக் கூலி கொடுக்கிற மாதம் இதுதான். விலை கூடிய பசை போட்ட வரிசைகளில் பிளாஸ்டிக்குக்குக் கீழே கை வைத்துப் பார்த்தால் காய்ந்த பட்டை. மற்ற வரிசைகளில் நிறைய மரங்கள் ஒழுகின. திரும்பப் பசை பூசச் சொன்னேன், ஈரப் பட்டையில் அது ஒட்டவில்லை.

இரண்டு பசைக்கும் பொதுவான குறை ஒன்று உண்டு, அதைக் கடையில் யாரும் சொல்வதில்லை. பாவாடைக்குள் காற்றோட்டம் குறைவு, வெட்டுப் பட்டை அழுக வாய்ப்பு அதிகம். மழைக்காலத்தில் வாரம் ஒருமுறை மான்கோசெப் மருந்தை லிட்டருக்கு 5 கிராம் கலந்து வெட்டுப் பட்டையில் பூசியே ஆக வேண்டும். அந்தச் செலவையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். அப்புறம், மழைக்காலத்தில் வருகிற இலை உதிர்வு நோய்க்கு ரெயின்கார்டு ஒன்றும் செய்யாது. அதற்கு மழைக்கு முன்பே தனியாக மருந்தடிக்க வேண்டும். இலை போன மரத்தில் எவ்வளவு நல்ல பசை இருந்தும் பால் இருக்காது.

விலை பற்றி. எங்களுக்குப் பொருளைவிடக் கட்டும் கூலிதான் அதிகம் ஆகிறது. அவ்வளவு கூலி கொடுத்துவிட்டுப் பசையில் மிச்சம் பிடிப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. தோட்டம் முழுக்க அடர்ந்த நிழல், ஐப்பசியில் வெட்டை நிறுத்திவிடுகிற வழக்கம் என்று இருப்பவர்கள் விலை குறைந்ததை வாங்கலாம். மற்றவர்களுக்குக் கூடியதுதான். நான் இந்த வருடம் எல்லா வரிசைக்கும் அதையே வாங்கப் போகிறேன். வாங்கும்போது டின்னைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். குச்சியால் எடுத்தால் நூலாக இழுபட வேண்டும். மேலே எண்ணெய் பிரிந்து நின்றால் போன வருடச் சரக்காக இருக்கலாம், விட்டுவிடுங்கள். சித்திரைக்குள் போனால் இதையெல்லாம் நின்று பார்த்து வாங்கலாம். மழை தொடங்கிவிட்டால் கடையில் கூட்டம், பட்டையும் ஈரமாகிவிடும்.